கொட்டில் போட முன் ஒரு கடதாசி

(மீளத் திரும்பும் குடும்பங்களுக்காகக் குறிஞ்சிப்பிட்டியில் நடந்த தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளங்களில் வந்து இந்தக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் உங்களுக்குள் இருக்கிறீர்கள். அன்று கிடைத்த இடத்தில் கிடுகைப் போட்டுப் படுத்தீர்கள். உயிர் தப்பி வந்தவர்களிடம் அனுமதி எங்கே என்று கேட்கிற நேரமா அது? திரும்பிப் போகும்போது கேட்பார்கள். வீடு இடிந்து, வளவில் காடு ஏறிக் கிடப்பதால், கொஞ்ச நாளைக்கு வீதியோரத்திலோ பாடசாலை வளவிலோ தறப்பாள் கட்டி இருப்போம் என்று பலர் சொல்கிறீர்கள். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரச காணியில் அனுமதியில்லாமல் இருப்பவரை எழுப்புகிற சட்டம். முதலில் அறிவித்தல் வரும். வெளியேற ஆகக் குறைந்தது 30 நாள் தருவார்கள். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே நீங்கள் காட்டக்கூடியது ஒன்றுதான்: இன்னும் செல்லுபடியாகிற அனுமதிப்பத்திரம், அல்லது சட்டப்படி அரசு எழுத்தில் தந்த வேறு அனுமதி.

போன கூட்டத்தில் ஒரு உம்மா கேட்டார்: "மகன், எங்கட வாப்பா வெட்டின கிணறு அங்க இருக்கே, மையவாடி இருக்கே, அது சாட்சியில்லையா?" நியாயமான கேள்வி. ஆனால் அந்த விசாரணையில் கிணறு பேசாது. காணி உங்களுடையதுதான் என்றால், வெளியேற்றக் கட்டளை வந்து 6 மாதத்துக்குள் உரிமை கேட்டு அரசுக்கு எதிராகத் தனி வழக்குப் போடலாம். அதற்கும் உறுதி வேண்டும். இந்தச் சட்டம் இடம்பெயர்ந்தவர்களை நினைத்து எழுதப்பட்டதல்ல என்பது என் அபிப்பிராயம். என்றாலும் சட்டம் சட்டம்தான்.

ஆகவே, "இருங்க, பாப்பம்" என்று கிராம சேவகர் வாயால் சொன்னதை நம்பிக் கப்பு நடாதீர்கள். பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்; விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

முசலிப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனம். மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தில் சனம் இல்லாத காலத்தில் வளர்ந்த காட்டை 2012இல் வர்த்தமானியில் ஒதுக்குக் காடாக்கினார்கள். 2017இல் மாவில்லு பேணற் காடும் வந்தது. வில்பத்துவுக்கு வடக்கே காடு வெட்டிக் குடியேற்றியது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, திரும்ப மரம் நடவும் கட்டளையிட்டது. உங்கள் பழைய வளவாகவே இருந்தாலும், எல்லையைக் கேட்டறியாமல் கத்தி வைக்க வேண்டாம்.

கடற்கரையும் அப்படித்தான். மீன் வாடி போட்ட பழக்கத்தில் குடியிருக்கவும் கொட்டில் போட்டுவிடலாம் என்று நினைப்பீர்கள். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

அறிவித்தல் கையில் வந்துவிட்டால் கிழித்துப் போடாதீர்கள், ஒளிக்கவும் வேண்டாம். அன்றைக்கே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கொண்டு போங்கள். வழக்குத் தவணைக்குப் போகாமல் இருப்பதுதான் மிகப் பெரிய பிழை.

உறுதியோ பேமிட்டோ கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் அந்த மேசைக்கு வாருங்கள். தொலைத்தவர்கள், காணியின் பெயரையும் நாலு பக்கத்துக் காணிக்காரரின் பெயரையும் எழுதிக் கொண்டு வாருங்கள். காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் தேட அது உதவும்.