அதிகாலை ரயிலில் வருகிறவருக்கு ஒரு ரூம்



சிவகாசிக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர் குறைவு. ஆஃப்செட் மெஷின் பழுது பார்க்க மெக்கானிக் வருவார். பட்டாசுக்கு ஆர்டர் கொடுக்க வடநாட்டு வியாபாரி வருவார். காகித மில் பிரதிநிதி, காலண்டர் ஏஜென்ட், ஆலைகளைச் சோதிக்கும் அதிகாரி என்று எல்லாரும் வேலையாக வருகிறவர்கள். இவர்களில் பலருக்கு ரூம் போடுவது கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. பணம் கொடுப்பது முதலாளி. படுத்துத் தூங்குவது மட்டும் வந்தவர். இந்த மூவரையும் ஒரே ஆளாக நினைத்துச் செய்த ரூம் பதிவுச் செயலிகள்தான் நம் கைபேசியில் நிறைய இருக்கின்றன. சுற்றுலாவுக்கு அது போதும், சிவகாசிக்குப் போதாது.

ஒரு சங்கடத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் அதிகாலையில் விருதுநகர், சிவகாசி வழியாகப் போகிறது. அதில் வந்து இறங்க, செயலியில் பதிவு செய்தவருக்கு ‘பகல் 12 மணிக்கு மேல்தான் ரூம்’ என்று காட்டும். இங்குள்ள பல லாட்ஜுகளிலோ நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்பதுதான் கணக்கு. செயலி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த ரயிலில் வருகிறீர்கள்?’ என்பதுதான்.

அடுத்தது ஓடிபி. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. தீப்பொறிக்கு இடம் தரும் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது அந்தத் தொழிலின் உயிர்நாடி. ஆலைக்குள் போனவர் கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நேரம் பார்த்து அவர் எண்ணுக்கு ஓடிபி அனுப்பி, சில நிமிடங்களில் பதில் வராவிட்டால் பதிவை ரத்து செய்கிற செயலியை என்னவென்று சொல்வது? உறுதி செய்யும் பொறுப்பு குமாஸ்தாவிடம் இருக்கட்டும். தங்குபவருக்கு ஒரே ஒரு எஸ்எம்எஸ் போதும். லாட்ஜ் பெயர், பக்கத்தில் இருக்கும் கோயிலோ தியேட்டரோ, மேனேஜரின் நம்பர். இணையம் இல்லாமலும் அது கையில் இருக்கும்.

லாட்ஜ் மேனேஜர் பக்கமும் நியாயம் உண்டு. அவருக்கு நோட்டுதான் வேதம். ரூம் காலியாகும்போதெல்லாம் செயலியில் தட்டு என்றால் ஒரு வாரம் தட்டுவார், பிறகு விட்டுவிடுவார். நோட்டில் ஒருவர், செயலியில் ஒருவர் என்று ஒரே ரூமுக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அதற்குப் பதிலாக, மாலை ஆறு மணி வரை மூன்று ரூம் செயலிக்கு, மற்றதெல்லாம் நோட்டுக்கு என்று பிரித்துவிட்டால் சண்டை வராது.

ஊருக்கெல்லாம் காலண்டர் அச்சடிக்கும் ஊர் இது. இங்கே வரும் கூட்டமும் தமிழ் மாதக் கணக்கில்தான் வருகிறது. ஆடிப்பெருக்கு அன்று புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும், ஏஜென்டுகள் வந்து இறங்குவார்கள். அதே ஆடியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு ஆடிப்பூரத் தேர். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்ரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல். பெங்களூரில் உட்கார்ந்து எழுதிய செயலிக்கு ஆடி பதினெட்டு தெரியுமா? குமாஸ்தாவுக்குத் தெரியும். ‘இந்த வாரம் கூட்டம், இப்போதே போட்டுவிடுங்கள்’ என்று செயலியும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

பில் விஷயம் சிறியது, ஆனால் கம்பெனியில் சண்டை அதில்தான். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ரூம்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. வரியையும் சேர்த்த தொகையை முதல் திரையிலேயே காட்டிவிடலாம். ஆதாரையும் வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் இருக்கிறது. இன்னொரு வரியும் அந்தத் திரையில் வேண்டும்: பட்டாசு மாதிரியை ரூமில் வைக்காதீர்கள், ரயிலிலும் கொண்டுபோகாதீர்கள். ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

தங்குமிடத் தேவை விருதுநகர் மாவட்டத்தில் இனி கூடத்தான் போகிறது. இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. இணையப் பதிவும் முடியாத காரியமல்ல. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசு நடத்தும் தோழி விடுதிகளில் இணையம் வழியாகவே இடம் பிடிக்கலாம். அரசு விடுதிக்கு முடிகிறதென்றால், பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்கும் முடியும்.

சிவகாசி, கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களே, இந்த வருஷ ப்ராஜெக்டுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியைத் திறப்பதற்கு முன்னால், ரயில் வரும் நேரத்தில் ஒரு லாட்ஜ் கவுன்டரில் போய் உட்காருங்கள். மேனேஜர் நோட்டில் என்னென்ன எழுதுகிறார் என்று பாருங்கள். அதற்கு மேல் ஒரு கட்டம்கூட உங்கள் திரையில் வேண்டாம்.