இடையில் விட்ட நடையை மீண்டும் தொடங்குவோம்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பெருநாள் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நோன்புக்கு முன் நம்மில் பலர் பஜ்ரு தொழுதுவிட்டு நடக்கப் போய்க்கொண்டிருந்தோம். ஸஹர், தராவீஹ், தூக்கக் குறைவு என்று ரமலானில் நடை நின்றது. அது இயல்புதான். ஆனால் பெருநாளுக்குப் பிறகும் பலர் திரும்பவில்லை. கேட்டால், "இரண்டு நாள் போனேன், மூச்சு வாங்கியது, விட்டுவிட்டேன்" என்கிறார்கள். அந்த மூச்சு வாங்குதல் ஏன் வருகிறது, எப்படிப் போகும் என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

நன்றாக உழைத்துப் பழகிய உடம்பு சும்மா இருந்தால் முதலில் இரத்தத்தின் நீர் அளவு குறைகிறது. இது சில நாட்களிலேயே தொடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அனுப்பும் இரத்தம் குறைகிறது. அதே தூரத்தை நடக்க அது கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் மூச்சுத் திறன் குறைவது நமக்கே தெரியும். தசையின் பலம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. ஆகவே மூச்சு வாங்கினால் "வயதாகிவிட்டது" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

இதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறோம். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் உடல் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்தது. பிறகு எட்டு வாரப் பயிற்சியில் இழந்ததை மீட்டு, அதற்கு மேலும் போனார்கள். 30 ஆண்டுகள் கழித்து, 50 வயதில் அதே ஐந்து பேரையும் மறுபடி சோதித்தார்கள். அந்த 30 ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது! அந்த வயதிலும் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்ததில், 20 வயதில் படுக்கைக்கு முன் இருந்த மூச்சுத் திறன் அவர்களுக்குத் திரும்ப வந்தது.

வயதானவர்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களை 10 நாள் படுக்கையில் வைத்த மற்றோர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து வீடு வந்த அத்தாவை, "எழுந்திருக்க வேண்டாம், எல்லாம் கையில் தருகிறோம்" என்று பாசத்தோடு படுக்க வைக்கிறோம். நின்று தொழுதவர் ஒரு மாதத்தில் நாற்காலிக்கு வந்துவிடுகிறார். மருத்துவர் தடுக்காதவரை, அவரைப் பிடித்துக்கொண்டாவது தினமும் சில அடிகள் நடக்க வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நம் பகுதிக்கென்று இன்னொரு இடைவெளியும் உண்டு. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளில் வேலை நின்றுவிடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததையும், 2020 ஊரடங்கையும் நாம் மறக்கவில்லை. வேலை திரும்பிய முதல் நாளே பழைய எண்ணிக்கையில் பெட்டி தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மூச்சும் தசையும் சீக்கிரம் பழகினாலும், தசைநாரும் மூட்டும் பழக நாளாகும். இடுப்பு போனால் அந்த வீட்டில் அடுப்பும் அணைகிறது. முதல் வாரம் பாதிச் சுமையோடு தொடங்க மேஸ்திரிகளும் இடம் கொடுக்க வேண்டும். நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து திரி ஏற்றும், குழாய் சுற்றும் சகோதரிகள் மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்தாலே முழங்காலுக்கு நல்லது.

சரி, எப்படித் தொடங்குவது? நோன்புக்கு முன் 40 நிமிடம் நடந்தவர் முதல் வாரம் 15 நிமிடம் போதும். உடம்பு ஏற்றுக்கொண்டால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகத்தைக் குறையுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். கூடவே வாரம் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். நம் ஊர் வெயிலுக்கு பஜ்ருக்குப் பின் நடப்பதே உத்தமம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நோன்புக்காக மாற்றிய மருந்து அளவைப் பழையபடி மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். சட்டைப்பையில் நாலு பேரீச்சம்பழம் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கினால் உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள். காலணி இல்லாமல் நடக்க வேண்டாம். இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நெஞ்சு இறுக்கம், இடது கையில் பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நின்று 108-ஐ அழையுங்கள்.

உடம்பு கூடிவிட்டது, நாலு பேர் பார்ப்பார்கள் என்று தாய்மார்கள் தயங்குகிறீர்கள். நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. முதல் முறை அன்னையார் முந்தினார்கள். உடல் பருத்த பிறகு ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். உடல் கூடியதை அன்னையார் மறைக்கவில்லை. அவர்களே சொல்லித்தான் நமக்குத் தெரியும். நமக்கு மட்டும் ஏன் வெட்கம்? வெளியே போக வசதியில்லாதவர்கள் மாடியில் நடக்கலாம்.

சிறிய அமலானாலும் தொடர்ந்து செய்வதன் சிறப்பைப் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உடம்பும் அல்லாஹ் தந்த அமானிதம். நாளை பஜ்ருக்குப் பின் பள்ளிவாசலிலிருந்து நடை தொடங்குகிறது. பதினைந்து நிமிடம்தான். வரும்போது, நடையை நிறுத்திவிட்ட ஒருவரையும் கையோடு அழைத்து வாருங்கள்.

நம் அனைவருக்கும் நின்று தொழும் பலத்தையும், உழைத்து உண்ணும் ஆரோக்கியத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.