நேத்து இருந்த மாதிரி இருக்காரா?

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் அனுபவமுள்ள தாதி ஒருவர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டு, கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். பேச்சை நீட்டாமல் ஒரே ஒரு விசயத்தைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், நாங்கதானே முதல்ல வந்தோம்? பின்னால வந்தவங்கள ஏன் முதல்ல கூட்டிப் போறீங்க?" நியாயமான கேள்விதான். தாதியின் வேலை ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் மட்டுமல்ல. நோயாளியைப் பார்த்து, கேட்டு, தொட்டு, எண்ணி, இவருக்கு ஆபத்து இருக்கிறதா, இவர் பொறுக்கலாமா, டொக்டரை இப்போதே கூப்பிட வேண்டுமா என்று முடிவெடுப்பதும் எங்கள் வேலைதான். அந்த முடிவை எப்படி எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டு நோயாளியைக் காப்பாற்ற நீங்களும் உதவலாம்.

குளவிக் கொட்டை எடுத்துக்கொள்வோம். மலையில் குளவி கலைந்து எட்டுப் பேரை ஒரே லொறியில் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வலி தாங்காமல் கத்துகிறார். ஓரத்தில் ஓர் அம்மா சத்தமில்லாமல் சாய்ந்திருக்கிறார். அவருக்குக் கொட்டியது இரண்டே இடத்தில். தாதி முதலில் யாரிடம் போவார்? அந்த அம்மாவிடம்தான். கத்துகிறவருக்கு மூச்சு நன்றாக வருகிறது. அந்த அம்மாவுக்கோ உதடு வீங்கி, குரல் கம்மி, கை சில்லிட்டு வேர்த்திருக்கிறது. குளவி விஷம் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். தொடையில் அட்ரினலின் ஊசி உடனே போட வேண்டும். அதுவரை அவரை எழுப்பி நடக்கவிடக் கூடாது. காலை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம்.

அதற்காகக் கத்துகிறவரைச் சும்மா அனுப்பிவிடுவதும் இல்லை. நிறைய இடத்தில் கொட்டுப்பட்டவருக்கு இன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போகலாம். அது சிறுநீரகம் கெடுவதற்கு அடையாளம். அதனால்தான் "வலி போயிருச்சி, துண்டு வெட்டுங்க மிஸ்" என்று கேட்டாலும் சிலரை வைத்துப் பார்க்கிறோம்.

அடுத்தது காய்ச்சல். காய்ச்சல் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கு ஆள் அதன் பொருள் வேறு. சின்னப் பிள்ளைக்கு இருமலோடு காய்ச்சல் என்றால், நாங்கள் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்ப்போம். பிள்ளை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவோம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தால் இன்னும் ஆபத்து. நியூமோனியாவாக இருக்கலாம். இதை எண்ண மிசின் ஒன்றும் வேண்டாம். மணிக்கூடு இருந்தால் வீட்டிலேயே எண்ணலாம்.

அதே காய்ச்சல் கொழும்பில் வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு வந்த மகனுக்கு வந்தால், நாங்கள் வேறு கேள்வி கேட்போம். "எங்கேயிருந்து வந்தீங்க? காய்ச்சல் எத்தனையாம் நாள்?" நம்ம குளிர் மலையில் நுளம்பு குறைவாக இருக்கலாம், ஆனால் டெங்கு பஸ் ஏறி வரும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் விட்டதும் "சுகமாயிருச்சி" என்று நினைத்துவிடுவார்கள். ஆபத்து தொடங்குகிற நேரமே அதுதான். காய்ச்சல் இறங்கும்போது சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் குளிர்வது, சிறுநீர் குறைவது, சோர்ந்து கிடப்பது, இரத்தம் கசிவது, இதில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பெனடோலை அளவோடு கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினக் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. பின்னேரம் பாதையோரத்தில் ஒரு பெரியவர் தள்ளாடி, உளறி, வேர்த்து விழுந்து கிடந்தால் நம்ம ஆட்கள் என்ன சொல்வார்கள்? "குடிச்சிட்டுக் கிடக்கிறார், விடு." அவர் சீனி வருத்தக்காரராக இருக்கலாம். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு மலைக்குப் போயிருக்கலாம். இரத்தத்தில் சீனி குறைந்தாலும் ஆள் குடிகாரர் மாதிரித்தான் தெரிவார். தாதி வாசனையை வைத்துத் தீர்மானிக்க மாட்டார். விரலில் குத்தி சீனி பார்ப்பார். 70க்குக் கீழே இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். நினைவிருந்து, விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். தெளிந்து எழும்பினாலும் சாப்பாடு கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டும். சில மாத்திரைகளின் வேகம் மறுபடியும் சீனியை இறக்கிவிடும்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற தலையிடியும் அப்படித்தான். வெயிலில் நின்ற மகனுக்குத் தலையிடி என்றால் தண்ணீர் குடித்துப் படுத்தால் போகலாம். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு விடாத தலையிடி, கண் மங்கல், மேல் வயிற்றுவலி, முகம் திடீரென்று ஊதுவது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் தாதி ஒருவரே கண்டுபிடித்துவிட முடியாது. நாங்கள் உங்கள் ஆளை அந்த ஒரு நாள்தான் பார்க்கிறோம். அவர் வழக்கமாக எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆச்சி சும்மாவே குறைவாகப் பேசுகிறவரா, இல்லை நேற்றிலிருந்துதான் பேசாமல் இருக்கிறாரா? அப்பாவுக்கு இந்த மூச்சு வாங்கல் பழையதா, இன்றைக்குப் புதிதா? நாங்கள் தேடுவது அந்த மாற்றத்தைத்தான். வயதானவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம். திடீரென்று ஆள் மாறிப் பேசுவதுதான் முதல் அடையாளமாக இருக்கும்.

நவீன தாதியத்தை வளர்த்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட நூலிலேயே இதைப் பேசியிருக்கிறார். "நன்றாகத் தூங்கினாரா" என்று கேட்டால் சரியான பதில் வராது, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. நீங்களும் "ரொம்ப முடியல மிஸ்" என்று மட்டும் சொல்லாமல், எப்போது தொடங்கியது, எத்தனை தரம் வாந்தி, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன சாப்பிட்டார் என்று கணக்காகச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுவாருங்கள்.

மறைக்கவும் வேண்டாம். நாட்டு மருந்து கொடுத்திருந்தால், மாத்திரையை விட்டிருந்தால், குடித்திருந்தால் அப்படியே சொல்லுங்கள். ஏச்சு விழுமோ என்று பயந்து "ஒண்ணும் இல்ல" என்று சொன்னால், பிழையான தகவலை வைத்து நாங்கள் முடிவெடுப்போம். சிங்களம் தெரியாது என்று கூச்சப்பட்டு வாசலில் நிற்கவும் வேண்டாம். தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டி வாருங்கள். இல்லாவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அவசரமென்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கடைசியாக ஒன்று. "இன்னைக்குப் போனா பேர் போயிரும், நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லுகிறோம். ஒரு நாள் பேர் போனால் அடுப்பில் என்ன குறையும் என்பது எனக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு இருமலுக்கும் ஓடி வாருங்கள் என்று சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்புமுன், காம்பராவில் படுத்திருப்பவரை ஒரு நிமிடம் பாருங்கள். நேத்து இருந்த மாதிரி இருக்காரா என்று உங்களையே கேளுங்கள். மூச்சிலோ, பேச்சிலோ, நினைவிலோ மாற்றம் இருந்தால், அன்றைக்கு மட்டும் பேரைப் பார்க்காதீர்கள்.