கூண்டுச் சண்டைக்காரர்களின் வாயும் கையும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



நான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட சங்கதி, அமெரிக்கா முதலிய தேசங்களில் பணத்துக்காகக் கூண்டுக்குள் சண்டை போடுகிறவர்களுடைய மனோபாவத்தைப் பற்றியதாகும். தலைவர் இதைச் சொன்னபோதே உங்களில் சிலர் சிரித்தீர்கள். சிரியுங்கள். நான் அந்தச் சண்டையில் ஒரு நாளும் இறங்கினவனல்ல. இறங்கியிருந்தால் இன்று உங்கள் முன் நின்று பேசப் பல் இருந்திருக்காது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக விடாமல் வேடிக்கை பார்க்கிறவன் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு யோக்கியதை கிடையாது.

தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. குத்து, உதை, குஸ்தி, பூட்டுப்பிடி எல்லாம் கலந்த சண்டை இது. எம்.எம்.ஏ. என்று சொல்லுவார்கள். 1993-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி டென்வர் நகரத்தில் யு.எப்.சி. என்கிற பந்தயம் முதன்முதலாக நடந்தது. குத்துச்சண்டைக்காரர், சுமோ மல்லர், கராத்தேக்காரர் என்று எட்டுப் பேர் வந்தார்கள். அதுவரையில் ஒவ்வொருவனும் தன் வித்தையே உலகத்தில் பெரிது என்று தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொல்லி வந்தான். அன்றைக்கு வித்தைக்கு வித்தை கூண்டுக்குள் எதிர் எதிராக நிறுத்தப்பட்டது. ஜெயித்தவர் யாரென்றால், ராய்ஸ் கிரேசி என்கிற மெலிந்த பிரேசில் தேசத்து மனிதர். ஒரே இரவில் மூன்று பேரைக் கீழே தள்ளிப் பூட்டுப் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்தார். (பந்தயத்தை ஏற்படுத்தினவர்களில் ஒருவர் அவருடைய அண்ணன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

இந்தச் சண்டையில் என் மனதைப் பிடித்தது குத்தும் இரத்தமும் அல்ல. பூட்டில் அகப்பட்டவன் எதிரியின் உடம்பிலாவது தரையிலாவது கையால் தட்டினால் சண்டை அந்தக் கணமே நின்றுவிடும். பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "நான் தோற்றேன்" என்று ஒருவன் தன் கையாலேயே சொல்லுகிறான். நம்மில் எத்தனை பேருக்கு அது வரும்? ஒரு தர்க்கத்தில் தோற்றால் பேச்சை மாற்றுகிறோம். அதற்கும் முடியாவிட்டால் எதிராளியின் தகப்பன் பெயரை இழுக்கிறோம். ஆகவே, சண்டைக்காரனுடைய குணத்தைப் பார்க்க விரும்பினால், அவன் பரீட்சைக்கு வருகிறானா, வந்து தோற்றால் ஒப்புக்கொள்ளுகிறானா என்பதை முதலில் பாருங்கள். வாய் நீளமா, குட்டையா என்பது அப்புறம்.

சீன தேசத்தில் வெய் லெய் என்று ஒரு தாய்ச்சி ஆசான். 2015-ல் அந்நாட்டு அரசாங்கத் தொலைக்காட்சியில் அவரைப் பிரமாதமாகக் காட்டினார்கள். அவருடைய உள்ளங்கையில் ஒரு புறா. அவருடைய உள்சக்தியால் அது பறக்க முடியாமல் நிற்கிறதாம்! தர்ப்பூசணியை அவர் அறைந்தால் தோல் நலுங்காமல் உள்ளே மாத்திரம் கூழாகிவிடுமாம்! ஷு சியாவ்தோங் என்கிற கலப்புச் சண்டைக்காரர், "இதெல்லாம் பித்தலாட்டம், வா ஒரு கை பார்ப்போம்" என்றார். 2017 ஏப்ரலில் செங்டு நகரத்தில் பார்த்தார்கள். அரை நிமிஷங்கூட ஆகவில்லை. ஆசான் கீழே கிடந்தார். புறாவைப் பறக்கவொட்டாமல் செய்த சக்தி அன்றைக்கு எந்த ஊருக்குப் போயிருந்ததோ தெரியவில்லை.

இதற்குப் பிறகு யாருக்குத் தண்டனை கிடைத்திருக்க வேண்டும்? கிடைத்தது ஷுவுக்கு! சண்டைக்கலைச் சங்கத்தார் கண்டித்தார்கள். அவர் எழுதி வந்த இணையக் கணக்கு மூடப்பட்டது. வேறொரு பெரிய தாய்ச்சி ஆசானை இழிவாகப் பேசினார் என்று வழக்கு வந்து, மன்னிப்புக் கேட்க வேண்டும், நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பாயிற்று. விமானத்துக்கும் அதிவேக ரயிலுக்கும் டிக்கெட் வாங்க முடியாதவராக ஆக்கப்பட்டார். அவரோ முகத்தில் சாயத்தைப் பூசிக்கொண்டு, பூசணிக்காய் என்று அர்த்தமாகும் ஒரு பெயரை வைத்துக்கொண்டு மறுபடியும் சண்டைக்குப் போனார். அவர் வாய் சுத்தமான வாய் என்று நான் சொல்லவில்லை. கோர்ட்டில் அவரை மாட்டிவைத்ததே அந்த வாய்தான். ஆனால் சொன்னதைக் கையால் காட்டினவர்.

இனி, வாய் என்றாலே உலகத்துக்கு நினைவு வருகிற ஐயர்லாந்து தேசத்துக் கானர் மெக்ரிகரிடம் வருகிறேன். டப்ளினில் குழாய் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன். 2015 டிசம்பரில், பத்து வருஷமாகத் தோல்வியே காணாத ஜோஸ் ஆல்டோவை 13 விநாடியில் விழத்தட்டினார். மறு மார்ச்சில், பதினொரு நாள் அவகாசத்தில் வந்த நேட் டியாஸிடம் கழுத்துப் பூட்டில் அகப்பட்டுத் தட்டித் தோற்றார். அன்றைக்கே சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொண்டார். அதனால், "அகம்பாவம் பிடித்தவன்" என்று நண்பர்கள் அவரைத் திட்டும்போதெல்லாம் நான் அவருக்காக வக்காலத்து வாங்கி வந்தேன்.

அந்த வக்காலத்து 2018-ல் என் முகத்திலேயே வந்து விழுந்தது. ஏப்ரல் மாதம் புரூக்ளினில், கபீப் நூர்மகமதோவ் இருந்த பஸ்ஸின்மேல் ஆள்பலத்தோடு போய் ஒரு தள்ளுவண்டியைத் தூக்கி எறிந்தார். கண்ணாடி உடைந்து, சம்பந்தமில்லாத சண்டைக்காரர்களுக்குக் காயம் பட்டு, அவர்கள் சண்டை நின்று போயிற்று. பிறகு சண்டை விளம்பரத்தில் கபீபுடைய தகப்பனாரை இழுத்தார். குடிக்காத முஸ்லிமான அவரிடம் தம் கம்பெனி விஸ்கியை நீட்டிக் கேலி செய்தார். மதத்தைக் கேள்வி கேட்கக் கூடாதென்று சொல்லுகிறவன் நானல்ல. ஆனால் தோழர்களே, சாராயம் விற்கிறவன், குடிக்காதவனைப் பார்த்துச் சிரிப்பது எந்தக் கேள்வியில் சேர்த்தி? யு.எப்.சி. முதலாளிகள் செய்ததோ அதைவிடப் பெரிது. பஸ் உடைந்த படத்தையே விளம்பரத்தில் போட்டு டிக்கெட் விற்றார்கள். சுமார் 24 லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கினார்கள். நானும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்டிலி ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

நாலாம் சுற்றில் மெக்ரிகர் தட்டினார். அதற்கு முந்தின சுற்று முடிந்ததும் அவர் கபீபிடம், "இதெல்லாம் வெறும் வியாபாரம்" என்று சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டது. தகப்பனைத் திட்டினதும் வியாபாரம், மதத்தைத் திட்டினதும் வியாபாரம்! ஜெயித்த கபீபோ அந்த நிமிஷமே கூண்டைத் தாண்டிக் குதித்து எதிராளியின் ஆட்கள்மேல் பாய்ந்தார். அதையும் நான் மெச்சவில்லை. அவருக்கு 5 லட்சம் டாலர் அபராதமும், மெக்ரிகருக்கு 50 ஆயிரம் டாலரும் போட்டார்கள். பஸ் படத்தைக் காட்டி விற்றவர்களுக்கு யாதொரு அபராதமும் இல்லை.

இந்த வியாபாரத்தில் சண்டைக்காரனுக்கு என்ன கிடைக்கிறது? அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு, வருகிற வருமானத்தில் ஏறக்குறைய பாதி போய்ச் சேருகிறது. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. யு.எப்.சி. சண்டைக்காரர்களுக்கு ஐந்தில் ஒரு பங்குகூடச் சேரவில்லை என்பது வழக்கு மன்றத்தில் வந்த கணக்கு. அவர்களுக்குச் சங்கமும் இல்லை. எதிராளியின் தாயைப் பேசத் தைரியமுள்ள வாய், கூலி பேச வேண்டிய இடத்தில் எப்படி அடைத்துப்போகிறது பார்த்தீர்களா? இவர்களிடம் எனக்குப் பிடிக்காத மனோபாவம் இதுவேயாகும். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

கடைசியாக, வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா? 2014 டிசம்பரில் முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் ஜான் பிட்ச் என்கிற குஸ்திக்காரர். இவர் வாய்ச்சவடால் பேசி நான் கேட்டதில்லை. எதிரியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு கிடப்பார். ஜனங்கள் கூச்சல் போடுவார்கள். நானும் கொட்டாவி விடுவேன். 2008-லேயே, தம் உருவத்தை விளையாட்டுப் படங்களில் என்றென்றைக்கும் உபயோகித்துக்கொள்ள எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக அவரை வெளியே தள்ளினார்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். அவரும் மற்றவர்களும் போட்ட வழக்கு பத்து வருஷத்துக்கு மேல் இழுத்து, 2025-ல் 37 கோடியே 50 லட்சம் டாலர் கொடுப்பதாகிய ராஜி, கோர்ட்டாரால் ஒப்புக்கொள்ளப்பட்டது. வாய்ச்சவடால் பேசினவர்கள் உட்பட ஆயிரம் பேருக்கு மேல் அதில் பங்கு.

இந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி, மரியாதைக்காகவாவது பார்க்க வேண்டும் என்று பிட்சினுடைய பழைய சண்டை ஒன்றை எடுத்துப் போட்டேன். இரண்டாம் சுற்றிலேயே தூங்கிவிட்டேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ளுகிறேன்.