பெயர் மாறும், எண் மாறாது

பக்கத்தில் பேனா இருந்தால் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 9116412.

இது ஓர் எண்ணெய்க் கப்பலின் எண். 2019 ஜூலை 4-ஆம் தேதி ஜிப்ரால்டர் அருகே பிரிட்டிஷ் வீரர்கள் ஏறிப் பிடித்தபோது, அந்தக் கப்பலின் பெயர் கிரேஸ் 1. நீளம் 330 மீட்டர். உள்ளே சுமார் 21 லட்சம் பீப்பாய் ஈரானியக் கச்சா எண்ணெய். ஐரோப்பியத் தடையை மீறி சிரியாவுக்குப் போகிறது என்பது சந்தேகம். ஆறு வாரம் கழித்து விட்டுவிட்டார்கள். கிளம்புவதற்குள் பழைய பெயரின் மேல் பெயிண்ட் அடித்து, ‘அட்ரியன் தர்யா 1’ என்று எழுதியாயிற்று. பனாமாக் கொடி போய் ஈரான் கொடி வந்தது.

எண் மட்டும் அப்படியே இருந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏற்பாடு அது. பெயர், கொடி, முதலாளி எது மாறினாலும் கப்பலை உடைக்கும்வரை எண் மாறாது. அந்த எண்ணுக்குள் ஒரு சின்னக் கணக்கும் உண்டு. முதல் ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 112 வருகிறதா? அதன் கடைசி இலக்கம் 2. கப்பல் எண்ணின் கடைசி இலக்கமும் அதுதான்.

கப்பல் எங்கே போகிறது என்பதைச் சொல்ல ஏ.ஐ.எஸ். என்ற கருவி இருக்கிறது. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க வந்தது. ஓடும் கப்பலிலிருந்து சில விநாடிகளுக்கு ஒருமுறை இருப்பிடம், வேகம், திசை மூன்றையும் ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். கரையில் உள்ள ஆன்டெனாவும் வானில் உள்ள செயற்கைக்கோளும் அதைப் பிடிக்கின்றன. இருப்பிடம் ஜி.பி.எஸ். தருவது. போகும் துறைமுகமோ மாலுமி கையால் தட்டுவது. அவர் தட்டியதுதான் ஊர்!

அட்ரியன் தர்யா முதலில் கிரேக்க நாட்டின் கலமாட்டா என்றது. இவ்வளவு பெரிய கப்பலுக்கு அந்தத் துறைமுகத்தில் இடமே கிடையாது. அப்புறம் துருக்கியின் மெர்சின் என்றது. உலகமே வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. கப்பலை ஓட்டிய கேப்டன் ஓர் இந்தியர். அமெரிக்கா பிடித்துக்கொள்ள வசதியான இடத்துக்குக் கப்பலைக் கொண்டுபோனால் பல மில்லியன் டாலர் தருவதாக அந்நாட்டு அதிகாரி ஒருவர் அவருக்கு மின்னஞ்சலே அனுப்பினார். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.

செப்டம்பர் 2-ஆம் தேதி, லெபனான், சிரியா கரைகளுக்கு அப்பால் வடக்கு நோக்கிப் போகையில் சமிக்ஞை நின்றது. கருவியை அணைக்க ஒரு சுவிட்ச் போதும். ஆனால் 330 மீட்டர் இரும்பை எங்கே ஒளிப்பது? நான்கே நாளில் செயற்கைக்கோள் படமொன்றில் அகப்பட்டது: சிரியாவின் டார்டஸ் துறைமுகத்துக்கு எதிரே, கரையிலிருந்து இரண்டு கடல் மைல் தூரத்தில். எண்ணெய் விற்றாயிற்று என்று ஈரான் சொன்னது. வாங்கியவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை.