கடல் கடந்த கரணம்



திருமணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது ஒரு பெருங்கூட்டம். வாசலில் வாழைமரம், முற்றத்தில் பந்தல், நாதசுர ஒலி, பந்தி பந்தியாக அமர்ந்து உண்ணும் உற்றார் உறவினர் என இவையெல்லாம் சேர்ந்ததே மணவிழா என்று நாம் கருதுகிறோம். இவற்றுள் ஒன்றும் இல்லாத திருமணத்தைப் பற்றியே நான் இன்று பேசப் போகிறேன். மணமகன், மணமகள், சாட்சிகள் இருவர், நகராட்சி அலுவலர் ஒருவர். இவ்வளவே அதன் அவை. நடைபெறும் இடமோ மணமக்கள் பிறந்த ஊரும் அன்று, வளர்ந்த நாடும் அன்று. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியிலுள்ள சைப்ரஸ் தீவு.

உங்கள் தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். துருக்கிக்குத் தெற்கே, சிரியாவுக்கும் லெபனானுக்கும் மேற்கே, வாலை நீட்டிய ஒரு மீனைப் போல அத்தீவு கிடக்கக் காண்பீர்கள். சிசிலி, சார்டினியா என்ற இரண்டிற்கும் அடுத்தபடியாக அக்கடலில் பெரிய தீவு அதுவே. ஸ்டோயிக் தத்துவத்தை நிறுவிய ஜீனோ பிறந்த கிட்டியம் என்ற பழைய நகரம் இன்றைய லார்னகாவாகும். நமக்கும் அத்தீவு முற்றிலும் அயலானதன்று. ஐக்கிய நாடுகளின் அமைதிப் படைக்குத் தலைமை தாங்கச் சென்ற நம் தளபதி திம்மையா 1965-ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கேதான் உயிர் நீத்தார்.

வேற்று நாட்டார் அத்தீவிற்கு வந்து மணந்துகொள்வது புதுமை அன்று. ஏறத்தாழ 830 ஆண்டுகளுக்கு முன்பே வரலாற்றில் இடம்பெற்ற ஒரு திருமணம் அங்கு நிகழ்ந்தது. இங்கிலாந்தின் மன்னன் முதலாம் ரிச்சர்டு சிலுவைப் போருக்குப் புறப்பட்ட காலம் அது. அவனுக்கு மணம் பேசிய பெண் நவார் நாட்டு இளவரசி பெரங்காரியா. ரிச்சர்டின் தாய் எலினார் அப்பெண்ணைச் சிசிலித் தீவின் மெசினா நகருக்குத் தானே அழைத்து வந்தாள். ஆனால் அது கிறித்தவர்களின் தவக்காலம். அக்காலத்தில் மணம் செய்தல் கூடாது. தாய் நாடு திரும்பினாள். மகன் படையோடு கடலில் இறங்கினான். புயல் எழுந்து கப்பல்களைச் சிதறடித்தது. இளவரசியும் ரிச்சர்டின் தங்கை ஜோவானும் ஏறியிருந்த கப்பல் சைப்ரஸின் லிமசோல் துறையருகே வந்து நின்றது. வேறு சில கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. பேரரசன் எனத் தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு அத்தீவை ஆண்ட ஐசக் கொம்னினஸ், கரையேறியவர்களைச் சிறைப்பிடித்தான். பின்னர் வந்து சேர்ந்த ரிச்சர்டு சினங்கொண்டு நகரைக் கைப்பற்றினான். அங்கேயே, 1191-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள், பெரங்காரியாவை மணந்தான். எவ்ரே நகரத்து ஆயர் அவளுக்கு இங்கிலாந்தின் அரசியாக முடிசூட்டினார். மணமகனின் தாயும் அங்கில்லை. மணமகளின் தந்தையும் அங்கில்லை.

சில நாட்களில் தீவு முழுவதும் ரிச்சர்டின் வசமாயிற்று. தன்னை இரும்பு விலங்கிடலாகாது என்று ஐசக் வேண்ட, ரிச்சர்டு அவனை வெள்ளி விலங்கில் பூட்டினான் என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் கூறுவர். கதை சுவையானதுதான். ஆனால் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்று. அம்மணத்தின்போது அரசிக்குரிய சீதன உரிமை எழுதி வைக்கப்பட்டது. மணவாழ்வு அவளுக்கு இன்பமாக அமையவில்லை. பிள்ளைப் பேறும் இல்லை. 1199-இல் ரிச்சர்டு இறந்தான். அடுத்து அரியணை ஏறிய ஜான் அவளுக்குரியதைக் கொடாமல் ஆண்டுக் கணக்கில் இழுத்தடித்தான். கைம்பெண்ணாகிய அரசி விடாது வாதாடினாள். ஏதோ ஒரு தீவில் புயலுக்கும் போருக்கும் இடையே அவசரமாக நடந்த அம்மணமும், அதையொட்டி எழுந்த எழுத்துமே அவள் வழக்கிற்கு ஆதாரமாயின. விருந்தும் முழக்கமும் அன்றே மறைந்தன, எழுத்து நின்றது. இக்கருத்தை மறவாது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் காலத்திற்கு வருவோம். இன்று சைப்ரஸுக்கு மணம் செய்துகொள்ள வருவோர் இரு வகையினர். ஒரு சாரார் கதிரொளியையும் நீலக் கடலையும் நாடி, பிரிட்டன் முதலிய குளிர்நாடுகளிலிருந்து வருவோர். நெருங்கிய சிலரை மட்டும் அழைத்துக் கடற்கரையில் மணம் முடித்து, அங்கேயே சில நாள் தங்கிச் செல்வர். அது அவர்கள் விருப்பம். மற்றொரு சாரார், தம் சொந்த நாட்டில் தம்மை மணமக்கள் என்று ஏற்கும் வாசல் ஒன்றேனும் திறக்காததால் வருவோர். அது அவர்கள் தேவை. இவ்விரண்டாம் சாராரைப் பற்றியே நாம் சிந்திக்க வேண்டும்.

லெபனானை எடுத்துக்கொள்வோம். சிறிய நாடு, ஆனால் சட்டம் ஒப்புக்கொண்ட சமயப் பிரிவுகள் 18. மணமும் மணமுறிவும் அந்தந்தச் சமய நீதிமன்றங்களின் கையில் உள்ளன. எச்சமயமும் சாராத அரசுத் திருமணம் என்பது அந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, வெவ்வேறு சமயத்தார் மதம் மாறாமலே பதிவாளர் முன் மணந்துகொள்ளலாம். லெபனானில் ஓர் இசுலாமியப் பெண்ணும் ஒரு கிறித்தவ இளைஞனும் அவ்வாறு மணக்க விரும்பினால் போவதற்கு ஓர் அலுவலகம் இல்லை. ஆயினும் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1936-இல் பிறந்த ஆணை ஒன்று அவர்களுக்குச் சிறு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது. வெளிநாட்டில் அந்நாட்டுச் சட்டப்படி முறையாக நடந்த மணத்தை லெபனான் ஏற்கும். ஆகவே காதலர் விமானம் ஏறுகின்றனர். பெய்ரூத்திலிருந்து லார்னகா ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த பயணம். 1998-இல் குடியரசுத் தலைவர் எலியாஸ் ஹ்ராவி, விரும்புவோர் அரசு முறையில் மணந்துகொள்ள ஒரு சட்ட முன்வரைவு கொண்டுவந்தார். அமைச்சரவை ஏற்றது, சமயத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர், பிரதமர் ரபீக் ஹரீரி கையெழுத்திடவில்லை. வரைவு வரைவாகவே நின்றது.

அண்டை நாடாகிய இஸ்ரேலிலும் நிலை இதுவே. துருக்கியப் பேரரசு காலத்தில் ஒவ்வொரு சமயத்தாரின் மணமும் அச்சமயத் தலைவர்களிடம் விடப்பட்டது. பிரித்தானியர் அதைத் தொடர்ந்தனர். 1948-இல் பிறந்த புதிய நாடும் அதைக் கைவிடவில்லை. யூதர்களின் மணமும் மணமுறிவும் யூத சமய நீதிமன்றத்திற்கு உரியவை என 1953-இல் சட்டமே இயற்றப்பட்டது. யூதரும் யூதரல்லாதாரும் அங்கே மணக்க இயலாது. குரு மரபில் வந்தவன் மணமுறிவு பெற்ற பெண்ணை மணக்க இயலாது. 1989-க்குப் பின் சோவியத் நாட்டிலிருந்து குடியேறியவர்களுள் பலர், நாட்டுக் குடிமக்களாக ஏற்கப்பட்டும், சமய விதிப்படி யூதராக ஏற்கப்படாமையால், தம் நாட்டில் மணக்கும் வழியற்றவராயினர். இராணுவத்தில் சேரலாம், வரி செலுத்தலாம், மணம் மட்டும் செய்துகொள்ள முடியாது. இவர்களுக்கும் சைப்ரஸே துணை.

அங்கே நடைபெறும் சடங்கு மிக எளியது. கடவுச்சீட்டும், இதற்குமுன் மணமாகாதவர் அல்லது மணக்கட்டு நீங்கியவர் என்பதற்கான சான்றும் கொண்டுவர வேண்டும். கூடுதல் கட்டணம் செலுத்துவோர்க்குச் சில நாட்களிலேயே தேதி கிடைக்கும். நகராட்சி மன்றத்தின் ஓர் அறையில் அலுவலர் இருவரின் சம்மதத்தையும் கேட்கிறார். இருவரும் ஆம் என்கின்றனர். மோதிரம் மாற்றிக்கொள்கின்றனர். சாட்சிகள் கையெழுத்திடுகின்றனர். ஓர் ஆயுட்காலத்துக்குரிய செயல் சில நிமிடங்களில் நிறைவுறுகிறது. அடுத்த இணையர் வெளியே காத்திருப்பர். கையில் கிடைக்கும் சான்றிதழே அவர்களுக்குச் சீர்வரிசை. அதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர்.

திரும்பிய பின் என்ன ஆகும்? இங்கேதான் ஓர் அரிய வழக்கு நினைவுக்கு வருகிறது. சைப்ரஸில் மணந்து வந்த ஒரு யூத ஆடவனும் கிறித்தவப் பெண்ணும் தம்மை மணமானவர் எனப் பதியுமாறு கேட்க, இஸ்ரேல் அரசின் அலுவலர் மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1963-இல் தீர்ப்பு வந்தது. சான்றிதழ் முறையாக இருப்பின் அதைப் பதிவதே அலுவலரின் கடமை. அம்மணம் செல்லுமா செல்லாதா என்று ஆராய்வது அவர் வேலையன்று என நீதிபதிகள் பெரும்பான்மையாகக் கூறினர். சட்டம் மாறவில்லை, ஓர் ஏட்டில் ஒரு பதிவுக்கு இடம் கிடைத்தது, அவ்வளவே. ஆயினும் அந்தச் சிறிய இடத்தின் வழியே அன்று முதல் இன்று வரை எத்தனையோ குடும்பங்கள் நுழைந்திருக்கின்றன. கோவிட் நோய்ப் பரவலால் 2020-இல் வானூர்திகள் நின்றபோது, அமெரிக்காவின் யூட்டா மாநில அலுவலர் முன் இணையவழியே மணந்தவர்களின் பதிவையும் ஏற்க வேண்டும் என்று 2023-இல் அதே நீதிமன்றம் கூறியது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அயலாருக்கு அரசுத் திருமணம் நடத்தி வைத்த சைப்ரஸ், தன் சொந்த மக்களுள் பெரும்பாலோராகிய கிரேக்க வைதிகத் திருச்சபையினருக்கு அவ்வுரிமையை நெடுநாள் கொடுக்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவர்கள் மணத்தைத் திருச்சபையிடமே விட்டிருந்தது. 1989-இல் அரசியலமைப்பைத் திருத்திய பிறகே அவர்களுக்கும் நகராட்சியின் கதவு திறந்தது. ஊராருக்கு விளக்கேற்றி வைத்த வீட்டில் அதுவரை இருள் நிலவியது.

சமயத் தலைவர்களின் வாதத்தையும் நாம் செவிமடுக்க வேண்டும். பல இன மக்கள் நெருங்கி வாழும் சிறு நாட்டில், தத்தம் மணமுறையைக் காத்துக்கொண்டால்தான் தத்தம் சமூகம் நிலைக்கும் என்பது அவர்கள் அச்சம். வரலாற்றில் அடிபட்டவர்களுக்கு அவ்வச்சம் இயல்பு. ஆனால் அவ்வச்சத்தின் விலையைச் செலுத்துபவர் யார்? பயணச் செலவுக்குப் பணம் உடையவன் கடல் கடந்து மணக்கிறான், இல்லாதவன் காத்திருக்கிறான். கடல் கடந்தவருக்கும் முழு விடுதலை இல்லை. சைப்ரஸில் மணந்த இருவரும் யூதராயின், மணமுறிவு வேண்டும்போது அதே சமய நீதிமன்றத்தின் வாயிலில்தான் நின்றாக வேண்டும். லெபனானிலோ, இருவரும் இசுலாமியராக இருந்தாலொழிய, பெய்ரூத்தின் நீதிபதி சைப்ரஸ் நாட்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துத் தம் நாட்டுக் குடும்பத்திற்குத் தீர்ப்புச் சொல்கிறார்!

தமிழ் பயிலும் உங்களுக்கு இவ்விடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வரவேண்டும். காதலர் உலகில் பொய்யும் வழுவும் தோன்றியதனால் ஆன்றோர் கரணத்தை வகுத்தனர் என்கிறார் தொல்காப்பியர். ஒருவன் கைவிட்டு மறுத்தால், ஊர் அறிந்த கரணமே மற்றவர்க்குக் காப்பு. அவரே மற்றொன்றும் சொல்கிறார்: இருவரும் உடன்போகிய காலத்தில், கொடுப்பதற்குரியோர் இல்லாத இடத்தும் கரணம் உண்டு. சுற்றத்தாரின் கை விலகியபோதும் சட்டத்தின் காப்பு விலகலாகாது என்ற நுண்ணிய அறம் அதில் இருப்பதாக நான் கருதுகிறேன். பாலை நிலத்தின் வழியே நடந்த அவ்வுடன்போக்கிற்கும், லார்னகாவில் வந்திறங்கும் இணையரின் உடன்போக்கிற்கும் வேண்டியது அந்த ஒன்றுதான்.

மாணவர்களே, சிறிய மணம் குறைந்த மணம் அன்று. பெரிய மணம் நிறைந்த மணமும் அன்று. அரசியாக முடிசூடிய பெரங்காரியாவுக்கும், சான்றிதழோடு திரும்பும் ஓர் எளிய பெண்ணுக்கும் இறுதியில் துணையாக நிற்பது இவர்கள் கணவன் மனைவியர் என்று ஒரு நாடு எழுதிக் கொடுத்த சொல்லே. நாளை நீங்கள் வழக்கறிஞராகலாம், ஆட்சியாளராகலாம், பதிவேட்டின் முன் அமரும் எழுத்தராகவும் ஆகலாம். உங்கள் முன் இருவர் வந்து நின்று, எங்களையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்கும் நாள் வரும். அவர்களைக் கடல் கடந்து போகச் சொல்வீர்களா, ஏட்டைத் திறப்பீர்களா என்பதை இன்றே எண்ணிப் பாருங்கள்.