தந்தி பந்து பிடிக்குமா?

('குடும்பம் சிறக்கப் பெரிதும் வேண்டுவது பெரியவர்களின் கட்டளையா? எல்லோருடைய ஒத்துழைப்பா?' என்ற பட்டிமன்றத்தில், 'ஒத்துழைப்பே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே, கட்டளை போட்டே பழகிப்போன எதிரணி நண்பர்களே, அந்தக் கட்டளைகளை எல்லாம் நிறைவேற்றிவிட்டு அப்பாடா என்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தொலைக்காட்சி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "விளையாட்டில் மேலே இருப்பவன் சொன்னால் கேள்வி கேட்காமல் ஆடுகிறான், ஜெயிக்கிறான், வீட்டில் மட்டும் ஏன்யா ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறீங்க?" என்றார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பேச்சு நன்றாக இருந்தால் தட்ட வேண்டியதுதானே, ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமா என்ன? (சிரிப்பு)

அவர் விளையாட்டைத் தொட்டுவிட்டார். சரி, நானும் மைதானத்துக்கே வருகிறேன். கிரிக்கெட் வேண்டாம். கிரிக்கெட் என்றால் இங்கே ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பீர்கள், நடுவருக்கு வேலை போய்விடும். ரக்பி லீக் என்று ஒரு ஆட்டம். இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் பிறந்தது. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். பக்கத்தில் இருப்பவனுக்குக் கையால் எறியலாம், ஆனால் முன்பக்கம் எறியக்கூடாது, பின்பக்கம்தான். எதிராளி வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்ப்பான். நம்ம கபடியில் பிடிக்கிற மாதிரி. ஆனால் கபடியில் வெளியே போனவன் திரும்ப உள்ளே வருவான். அங்கே அந்தக் காலத்தில் அடிபட்டு விழுந்தால் விழுந்ததுதான். மாற்று ஆள் கிடையாது. ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஒருவன் போனால் பன்னிரண்டு.

அது பிறந்த கதையே நம் தலைப்புக்குள் வருகிறது ஐயா. சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டுங்கள் என்று கேட்டார்கள். விளையாட்டுக்குக் காசா, கூடாது என்று மேலிடம் கட்டளை போட்டது. கூலி போனால் என்ன என்று கேட்க வசதி உள்ளவனால்தான் முடியும்! 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தில் ஜார்ஜ் ஓட்டலில் வடக்கத்திச் சங்கங்கள் கூடின. 'நார்தர்ன் யூனியன்' என்று தனியாகப் பிரிந்தன. கட்டளையை மீறிப் பிறந்த குழந்தை இந்த ரக்பி லீக். அந்தக் குழந்தையும் வளர்ந்து பெரிய மனுஷனாகிக் கட்டளை போட ஆரம்பித்தது என்பதுதான் நான் சொல்லப்போகிற கதை.

1914. நார்தர்ன் யூனியன் தன் அணியை ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் அனுப்பியது. வாரக்கணக்கில் கப்பல் பயணம். அணித் தலைவர் ஹாரால்ட் வேக்ஸ்டாஃப், ஹடர்ஸ்ஃபீல்ட் ஆட்டக்காரர், வயது இருபத்துமூன்று. நம் வீட்டில் இருபத்துமூன்று வயதுப் பிள்ளையை நம்பி மாவு மில்லுக்கு அனுப்ப யோசிக்கிறோம். (சிரிப்பு)

முதல் டெஸ்ட், சிட்னியில் ஜூன் 27. பிரிட்டன் 23, ஆஸ்திரேலியா 5. நல்ல வெற்றி. இரண்டாவது டெஸ்ட் ஜூன் 29. நடுவில் ஒரே ஒரு நாள்! ஆஸ்திரேலியா 12க்கு 7 என்று ஜெயித்துவிட்டது. ஆளுக்கு ஒன்று. மூன்றாவது டெஸ்ட் பல வாரம் கழித்து மெல்போர்னில் என்று ஏற்பாடு. ஆனால் சூடு ஆறுவதற்குள் சிட்னியிலேயே நடத்தினால் கூட்டம் வரும், வசூல் வரும் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். ஜூலை 4ஆம் தேதியே ஆட வேண்டும் என்றார்கள். எட்டு நாளில் மூன்று டெஸ்ட்.

பிரிட்டன் அணியில் முக்கியமான ஆட்டக்காரர்கள் பலர் காயத்தில் கிடக்கிறார்கள். கூடப் போன மேலாளர் ஜான் கிளிஃபோர்ட், "முடியாது, நியாயம் இல்லை" என்று வாதாடினார். விஷயம் இங்கிலாந்துக்குத் தந்தியில் போனது. பதில் தந்தி வந்தது: ஆடுங்கள்!

நெல்சன் தளபதி 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் கொடியேற்றிச் சொன்ன கடமைச் செய்தி இருக்கிறதே, அதன் சாயலில் அந்தத் தந்தி இருந்ததாகச் சொல்வார்கள். எதிரணி நண்பர்கள் கவனிக்க வேண்டும். நெல்சன் அந்தச் செய்தியைச் சொன்னபோது தானும் அதே கடலில், அதே குண்டு மழையில் கப்பலின் மேல்தளத்தில் நின்றார். அன்றைக்கே உயிரை விட்டார். இவர்கள் எங்கே இருந்தார்கள்? பூமிப் பந்தின் மறுபக்கத்தில், நாற்காலியில். உடைந்த விரல் தந்தியில் தெரியுமா ஐயா? (கைதட்டல்)

நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆட்டத்துக்கு முன்னால் கிளிஃபோர்ட் வீரர்களைக் கூட்டிப் பேசினார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள் என்று வேக்ஸ்டாஃப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரியவர் வார்த்தைக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பெரியவர்? அந்தப் பிள்ளைகளுக்காக முதலில் சண்டை போட்டவர். தோற்றுப்போய், அவர்கள் கூடவே நின்றவர். அந்த வார்த்தைதான் உள்ளே இறங்கியது.

ஜூலை 4. சிட்னி கிரிக்கெட் மைதானம். முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். ஆரம்பித்த சில நிமிடத்திலேயே ஓரத்தில் ஓடுகிற ஃபிராங்க் வில்லியம்ஸுக்குக் காலில் அடி. நொண்டிக்கொண்டே நிற்கிறார். அடுத்து டக்ளஸ் கிளார்க். மல்யுத்த வீரர், மலை மாதிரி ஆள். அவருக்குக் கட்டைவிரல் உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். ஆல்ஃப் வுட் என்பவர் பந்தை உதைத்துக் கம்பத்துக்கு மேலே செலுத்துகிறார், ஒரு ட்ரையும் விழுகிறது. பாதி நேரத்தில் பிரிட்டன் 9, ஆஸ்திரேலியா சுழி.

இரண்டாம் பாதியில்தான் விதி விளையாடியது. கிளார்க்குக் காறை எலும்பு முறிந்தது. மறுபடியும் ஆட வந்து பார்த்தார், முடியவில்லை. அழுதுகொண்டே வெளியே போனார். பில்லி ஹால் தலையில் அடிபட்டு நினைவு தப்பினார், தூக்கிக்கொண்டு போனார்கள். வில்லியம்ஸின் கால் இனி தாங்காது என்றாகிவிட்டது. பதின்மூன்றில் மூன்று போனால்? பத்து. எதிரே ஆஸ்திரேலியா.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தந்தி வந்து பந்து பிடித்ததா?

சிக் ஜான்சன் என்று ஒருவர். நடுவில் நின்று முட்டி மோதுகிற முன்வரிசைக்காரர். வில்லியம்ஸின் இடம் காலி. இவர் அந்த ஓரத்துக்குப் போய் நிற்கிறார். அது வேகமாக ஓடுகிறவன் இடம். பந்தி பரிமாறுகிறவனை நாதஸ்வரம் வாசிக்க உட்கார வைத்த மாதிரி. (சிரிப்பு) வேக்ஸ்டாஃப் எதிரிகளை வெட்டி ஏமாற்றிக்கொண்டு ஓடிவந்து பந்தை இவர் பக்கம் எறிகிறார். ஜான்சன் கொஞ்ச தூரம் ஓடினார். பிறகு செய்தாரே ஒரு வேலை! பந்தைக் கீழே போட்டு, கால்பந்து ஆடுகிற மாதிரி தட்டித் தட்டிக்கொண்டே போய்விட்டார். ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கோட்டைத் தாண்டி அதன்மேல் விழுந்தார். வுட் உதைத்தார். 14க்குச் சுழி. பத்துப் பேரோடு!

எந்த ஆபீஸிலிருந்து எந்தத் தந்தி இப்படிச் சொல்ல முடியும்? "முன்வரிசைக்காரர் ஓரத்துக்குப் போகவும், கையை விட்டுக் காலைப் பயன்படுத்தவும்" என்று?

என் வீட்டில் ஒரு சிக் ஜான்சன் உண்டு. என் அண்ணன். அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், எனக்கு மறுநாள் பரீட்சை. வெளியூரில் வேலையாக இருந்த அப்பாவிடமிருந்து, "அம்மாவைக் கவனித்துக்கொள்ளவும், படிப்பில் கவனம் வைக்கவும்" என்று ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. நல்ல கடிதம். எழுத்துப் பிழையே இல்லை. (சிரிப்பு) வெந்நீர்கூட வைக்கத் தெரியாத அண்ணன், பம்ப் ஸ்டவ்வோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி ஒரு கஞ்சி காய்ச்சினான் பாருங்கள். அடி பிடித்த கஞ்சி. அம்மா குடித்தார்கள். ஊருக்கு வந்த அப்பா, "பார்த்தியா, நான் எழுதினதும் வீடு எப்படி நடந்தது!" என்றார். (பலத்த சிரிப்பு)

சிட்னிக்கு வருகிறேன். கடைசியில் ஆஸ்திரேலியர்கள் இரண்டு தடவை கோட்டைத் தாண்டினார்கள். அதற்குமேல் விடவில்லை. ஹால் தெளிந்து கடைசி நேரத்தில் திரும்ப வந்து நின்றார். 14க்கு 6. தொடர் பிரிட்டனுக்கு. சிட்னிக்காரர்களே கை தட்டினார்கள்.

அந்த ஆட்டத்துக்கு 'ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்' என்று பெயர் நிலைத்துவிட்டது. 1879இல் தென்னாப்பிரிக்காவில் நூற்றைம்பது பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கான ஜூலு வீரர்களை எதிர்த்து நின்ற இடம் அது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. தன் மண்ணில் படையெடுத்து வந்தவனோடு மோதியவர்கள் ஜூலுக்கள். அடிமை நாட்டில் பிறந்த பாட்டனுக்குப் பேரன் நான், எனக்கு அந்த உவமை தொண்டையில் நிற்கிறது. அது கிடக்கட்டும்.

எதிரணி இப்போது என்ன சொல்லும் என்று தெரியும். "எப்படியோ ஜெயித்தார்களே, அப்போது கட்டளை சரிதானே?" இங்கேதான் ஐயா எனக்குப் பயம். பத்துப் பேர் எலும்பை முறித்துக்கொண்டு ஈடுகட்டினார்கள் என்பதற்காக, ஈடுகட்ட வைத்தவன் நியாயவான் ஆகிவிடுவானா? நம் வீட்டுப் பெண்கள் எத்தனை ஜூலை 4 ஆடியிருக்கிறார்கள்! "பத்துப் பேருக்கு விருந்து" என்று அரை மணிக்கு முன்னால் கட்டளை வரும். சமாளிப்பார்கள். சமாளித்ததனாலேயே அடுத்த தடவை இருபது பேர் வருவார்கள். (தாய்மார்கள் கைதட்டல்) வள்ளுவர் 'இறைமாட்சி' என்று ஒரு அதிகாரம் எழுதிவிட்டு நிறுத்தவில்லை. 'படைமாட்சி' என்று தனியாக இன்னொன்றும் எழுதினார். அரசன் பெருமையில் படையின் பெருமை அடங்கிவிடும் என்று அவர் நினைக்கவில்லை.

அந்த அணி அங்கிருந்து நியூஸிலாந்து போனது. ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆக்லந்தில் டெஸ்ட் ஆடி 16க்கு 13 என்று ஜெயித்தது. மூன்றாம் நாள் பிரிட்டன் போர் அறிவித்தது. அதற்குப் பிறகு வந்தவை வேறு கட்டளைகள். கூடக் கப்பலில் வந்தவர்களில் ஃபிரெட் லாங்ஸ்டாஃப், வால்டர் ரோமன், பில்லி ஜார்மன், மூன்று பேரும் 1916இல் மாண்டார்கள். அங்கே ஓரத்தை அடைக்க ஜான்சன் வர முடியாது.

காறை எலும்பு முறிந்து அழுதுகொண்டே போனாரே டக்ளஸ் கிளார்க், அவரும் போருக்குப் போனார். 1917இல் பாஷன்டேல் களத்தில் நச்சுவாயு தாக்கியது. வீரப் பதக்கம் கொடுத்தார்கள். இனி இவர் எதற்கும் உதவமாட்டார் என்கிற நிலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1920இல் பிரிட்டன் அணி மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. தலைவர் அதே வேக்ஸ்டாஃப். பக்கத்தில் யார்? அதே கிளார்க்! அந்தத் தடவை தொடரில் தோற்றார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார்கள். அது கட்டளை. உட்காருவது என் ஒத்துழைப்பு. (பலத்த கைதட்டல்)